ஹந்தானையும் பொட்டிப்புரமும்: இரண்டு பௌதிகவியலாளர்கள், ஒரு துகள்

கண்டி நகரிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் வீதியில் இரண்டு கட்டடங்களைக் கடக்கலாம். மேலே இருப்பது 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை. இப்போது தேயிலை அருங்காட்சியகம். வான் வண்டிகளில் வரும் சுற்றுலாக்காரர்கள் அதற்குத்தான் போகிறார்கள். கீழே இருப்பது தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம். 1981ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் உருவான அந்த நிறுவகத்தின் பெயர்ப்பலகையைப் பலர் வாசித்துவிட்டுக் கடந்துபோவார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் ஊர்க்காரரில் பாதிப் பேர் "ஏதோ ஆராய்ச்சி" என்பார்கள்.

அந்த 'ஏதோ ஆராய்ச்சி'க்குள் ஒரு நியூட்ரினோக் கதை ஒளிந்திருக்கிறது. அதன் நாயகர் பேராசிரியர் கீர்த்தி தென்னகோன். அவருடைய கதையைத் தனியே சொன்னால் பாதிதான் விளங்கும். பக்கத்தில் இன்னொருவரை நிறுத்த வேண்டும். அவர் பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்னையில் இருந்த ஜி. ராஜசேகரன். இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 1936இல் பிறந்தவர், 2023இல் காலமானவர். ஹந்தானைத் தோட்டங்களின் லயங்களில் பூர்வீகம் கேட்டால் திருச்சி, புதுக்கோட்டை, சேலத்தோடு இராமநாதபுரமும் வரும். எனவே கண்டித் தமிழ் வாசகருக்கு அவர் அவ்வளவு தூரத்து ஆளில்லை.

இருவரும் கோட்பாட்டுப் பௌதிகவியலாளர்களாகத் தொடங்கினார்கள். இருவருக்கும் இருந்த கருவி தாளும் பேனையும். இருவரும் நியூட்ரினோவைப் பற்றி எழுதினார்கள். ஒருவர் அதை விட்டு வேறு வேலைக்குப் போனார். மற்றவர் கடைசிவரை அதிலேயே நின்றார். எது சரியான வழி என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. ஓர் எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கும் கருவி யார் கையில் இருக்கிறது என்பதே ஆராய்ச்சியாளன் ஒருவனின் வாழ்க்கைப் பாதையை எப்படித் தீர்மானிக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம்.

முதலில் துகள்

1930 டிசம்பரில் வொல்ஃப்காங் பவுலி ஒரு கடிதத்தில் இந்தத் துகளை முன்மொழிந்தார். பீற்றாச் சிதைவின்போது சக்திக் கணக்கு சரிவரவில்லை. கண்ணுக்குப் படாத ஒன்று மிச்சத்தை எடுத்துக்கொண்டு போகிறது என்று சொன்னார். அதைக் கருவியில் பிடிக்க 1956வரை, ரைன்ஸும் கவனும் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டும் பூமியில் ஒரு சதுர சென்ரிமீற்றரை ஒரு செக்கனில் ஏறத்தாழ 6,500 கோடி ஊடுருவிப் போகின்றன. இரவு பன்னிரண்டு மணிக்கும் போகின்றன. அப்போது நம் காலுக்குக் கீழிருந்து, பூமி முழுவதையும் துளைத்துக்கொண்டு மேலே வருகின்றன.

இந்தக் கட்டுரையில் பின்னர் வரப்போகும் இன்னொரு பாத்திரம் கரும்பொருள். அதன் கதை இதற்கு நேர் எதிர். 1933இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா விண்மீன் திரள்களின் கூட்டத்தைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியும் பொருள் மட்டும் இவற்றை ஒன்றாகப் பிடித்து வைக்கப் போதாது என்றார். 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அன்ட்ரோமெடாவின் சுழற்சியை அளந்து அந்தச் சந்தேகத்தை வலுவாக்கினார்கள். நாம் அறிந்த சாதாரணப் பொருளைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் கரும்பொருள் இருக்க வேண்டும் என்கிறது இன்றைய கணக்கு. இருந்தும் அதன் ஒரு துகளைக்கூட இன்னும் எவரும் பிடிக்கவில்லை. நியூட்ரினோ இருபத்தாறு ஆண்டில் சிக்கியது. கரும்பொருள் தொண்ணூறு ஆண்டு தாண்டியும் சிக்கவில்லை.

1972: தென்னகோனின் கேள்வி

அமெரிக்காவின் தென் டகோட்டாவில் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம். அதன் அடியில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்தில், சலவைக்குப் பயன்படும் திரவம் 615 தொன்னைத் தொட்டியில் நிரப்பி, ரேமண்ட் டேவிஸ் சூரிய நியூட்ரினோக்களை எண்ணிக்கொண்டிருந்தார். வர வேண்டியதில் மூன்றிலொரு பங்குதான் வந்தது. சூரியனைப் பற்றிய கணக்குப் பிழையா, கருவி பிழையா, நியூட்ரினோவே பிழையா? அறுபதுகளின் பிற்பகுதியில் எழுந்த இந்தப் புதிர் முப்பது ஆண்டுக்கு மேல் தீரவில்லை.

அந்தக் காலத்தில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தார் தென்னகோன். அங்கிருந்த இந்தியரான சந்தீப் பக்வாசாவுடன் சேர்ந்து 1972இல் 'பிசிக்கல் றிவியூ லெற்றர்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பூச்சியமல்லாத ஓய்வுத் திணிவுடைய நியூட்ரினோக்கள் என்பது அதன் தலைப்பு. அன்றைய பாடநூல் நியூட்ரினோவுக்குத் திணிவே இல்லை என்று கற்பித்தது. திணிவு இருந்தால் அது நிலையற்றதாகவும் இருக்கலாம். சூரியனிலிருந்து பூமிக்கு வரும் எட்டு நிமிடத்துக்குள் ஒரு பகுதி சிதைந்துபோகலாம். டேவிஸின் தொட்டியில் கண்ட குறைவுக்கு அது விளக்கமாகலாம். அந்த ஆண்டில் பாக்கோல், கபிபோ, யாஹில் என்போரும் இதே திசையில் எழுதினார்கள். உலகம் விவாதித்த அந்தக் கேள்வியில் இலங்கையர் ஒருவரின் பெயரும் சேர்ந்தது.

இடையில் ஒரு சொல். இலங்கைப் பாடநூலில் நாங்கள் 'திணிவு' என்று படித்ததைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 'நிறை' என்று படிக்கிறார்கள். எங்களுக்கோ 'நிறை' என்றால் அவர்களுடைய 'எடை'. நியூட்ரினோவுக்கு நிறை உண்டா என்று ராஜசேகரனுடைய ஊரில் கேட்பதும் திணிவு உண்டா என்று கண்டியில் கேட்பதும் ஒரே கேள்வி. சொல் மாறினாலும் துகள் மாறுவதில்லை.

அதே 1972இல், அதே இதழின் அடுத்த தொகுதியில், ராமநாத் கௌசிக்கும் மக்லெலண்டும் இன்னொரு கணக்கைப் போட்டார்கள். நியூட்ரினோவுக்குத் திணிவு இருந்தால் அண்டம் முழுவதும் நிரம்பிக் கிடக்கும் அவற்றின் மொத்த ஈர்ப்பு சும்மா இருக்காது என்றார்கள். மறு ஆண்டே, கோமாக் கூட்டத்தின் மறைந்த பொருள் நியூட்ரினோவாகவே இருக்கலாம் என்று எழுதினார்கள். திணிவு உண்டா என்ற ஒரே கேள்வியின் இரண்டு வாசல்கள் இவை. ஒன்று சூரியனின் குறைவுக்குத் திறந்தது, மற்றது கரும்பொருளுக்கு.

கோலார்: ராஜசேகரனின் கேள்வி

ராஜசேகரனின் தொடக்கம் வேறு. சிகாகோவில் ரிச்சர்ட் டாலிட்ஸிடம் ஆய்வு செய்து, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். 1976இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அல்லாடி ராமகிருஷ்ணன் 1962இல் நிறுவிய கணித அறிவியல் நிறுவனத்துக்கு 1984இல் போனார். பின்னாளில் சென்னை கணிதவியல் நிறுவனத்திலும் கற்பித்தார்.

அவருக்கு இருந்த ஒரு வாய்ப்பு தென்னகோனுக்கு இருக்கவில்லை. மும்பைக்காரர்களிடம் ஒரு சுரங்கம் இருந்தது. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீற்றர் ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, பிரித்தானிய விஞ்ஞானிகள் 1965இல் வளிமண்டல நியூட்ரினோ உண்டாக்கிய தடத்தைப் பதிவுசெய்தார்கள். ஏறத்தாழ அதே நேரத்தில் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் ரைன்ஸின் குழுவும் கண்டது. கோலாரில் நிலத்துக்குள் இறங்கிய தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர். கண்டியில் மலை ஏற வந்த எங்கள் முன்னோரும் கோலாரில் மண்ணுக்குள் இறங்கிய அவர்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே வறுமையிலிருந்து புறப்பட்டவர்கள். நியூட்ரினோ வரலாற்றில் அவர்கள் பெயர் இல்லை. ஆனால் அவர்கள் தோண்டாத சுரங்கத்தில் எந்த விஞ்ஞானியும் கருவி வைத்திருக்க முடியாது.

1975இல் அந்தக் கருவிகளில் விசித்திரமான சில நிகழ்வுகள் அறிவிக்கப்பட்டன. பாறைக்குள் தொடங்க வேண்டிய தடங்கள், குகையின் வெற்றுக் காற்றிலோ கருவியின் மெல்லிய சுவரிலோ ஒரு புள்ளியிலிருந்து விரிந்தன. நியூட்ரினோ மோதுவதற்குக் காற்றில் என்ன இருக்கிறது? 'கோலார் நிகழ்வுகள்' என்று பெயர் பெற்ற இவற்றுக்கு விளக்கம் தேடி ராஜசேகரனும் கே.வி.எல். சர்மாவும் அதே ஆண்டு 'பிரமாணா' இதழில் எழுதினார்கள். புதிய கனமான துகள் ஒன்று சிதைகிறதோ என்ற எண்ணம் பலருக்கும் வந்தது. துகள் முடுக்கிகளில் அப்படியொன்று அகப்படவில்லை. விடயம் கிடப்பில் போனது.

கிடப்பில் போட ராஜசேகரனுக்கு மனமில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து, 2014இல், எம்.வி.என். மூர்த்தியுடன் சேர்ந்து அதே இதழில் அதே நிகழ்வுகளைத் திரும்ப எடுத்தார். கட்டுரைத் தலைப்பே கேள்வியாக முடிந்தது: அது கரும்பொருளா? புரோத்தனைக் காட்டிலும் சில மடங்கு திணிவுடைய கரும்பொருள் துகள்கள் நம் விண்மீன் திரளெங்கும் இருந்து, நீண்ட ஆயுளோடு அபூர்வமாகச் சிதைகின்றன என்று வைத்துக்கொண்டால் குகையின் காற்றில் தோன்றிய தடங்களுக்குக் காரணம் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். வரப்போகும் பெரிய நிலத்தடிக் கருவிகளில் இதைச் சோதிக்கலாம் என்றும் சொன்னார்கள். முப்பத்தொன்பது வயதில் எழுந்த கேள்வியை எழுபத்தெட்டு வயதில் மறுபடி எழுப்பினார் அவர்.

விட்டவரும் நின்றவரும்

தென்னகோன் இலங்கை திரும்பினார். 1974இல் இலத்திரன், மியூவன், புரோத்தன் பற்றியும் வன்மையான ஈர்ப்பு பற்றியும் 'பிசிக்கல் றிவியூ'வில் எழுதியவர், எண்பதுகளில் வேறொரு ஆளாகத் தெரிகிறார். மாத்தறை ருகுணுப் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஹந்தானையிலிருந்தும் வந்த அவருடைய கட்டுரைகள் சாயம், குறைகடத்தி, ஒளி, நீர் பற்றியவை. குடிநீரின் ஃப்ளோரைட் அலுமினியப் பாத்திரத்தை என்ன செய்கிறது என்று 1987இல் 'நேச்சர்' இதழில் ஆராய்ந்தார். உலர் வலயத்துக் கிணற்று நீரைக் குடித்துப் பல்லில் பழுப்பேறியவர்களுக்கு ஃப்ளோரைட் என்ற சொல் புதிதில்லை.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது சூரியக் கலம். 1991இல் மைக்கேல் கிரெட்செல் சாயமூட்டிய சூரியக் கலத்தை உலகுக்குக் காட்டினார். பச்சிலை ஒளியைப் பிடிப்பதுபோல் சாயம் ஒளியைப் பிடித்து, டைட்டானியம் டயொக்சைட்டின் நுண்துளைப் படலத்துக்கு இலத்திரனைத் தள்ளும். இழந்த இலத்திரனைச் சாயத்துக்குத் திருப்பித் தருவது ஒரு திரவம். திரவம் கசியும், ஆவியாகும். வெயிலில் வைக்கும் பொருளுக்கு அது நல்லதல்ல. தென்னகோனும் அவருடைய ஹந்தானைக் குழுவும் 1995இல் அந்தத் திரவத்தை எடுத்துவிட்டு, செப்பு அயடைட்டை, ஒரு திண்மத்தை, வைத்தார்கள். முழுதும் திண்மத்தாலான சாயமூட்டிய கலத்துக்கு அது முன்னோடிப் படி. திரவத்தை விட்டுத் திண்மத்துக்கு வந்த அந்தத் தடத்தில்தான் 2012க்குப் பின் பெரோவ்ஸ்கைட் கலங்கள் வேகமெடுத்தன. தென்னகோன் அதே நிறுவகத்தின் பணிப்பாளராகவும் இருந்தார்.

இங்கே ஒரு பொருத்தத்தைக் கவனியுங்கள். 1972இல் அவர் எழுதியது சூரியனைப் பற்றித்தான். 1995இலும் சூரியனைப் பற்றித்தான். முதலாவதில் சூரியன் அனுப்பும், எதிலும் சிக்காத துகள். இரண்டாவதில் சூரியன் அனுப்பும், இலையிலும் சிக்கும் ஒளி. முன்னதைச் சோதிக்கத் தென் டகோட்டாவில் 615 தொன் திரவம் வேண்டும். பின்னதைச் சோதிக்க ஹந்தானையில் ஒரு கண்ணாடித் தகடு, கொஞ்சம் சாயம், ஒரு மேசை போதும். இலங்கையில் நிலத்தடி நியூட்ரினோக் கருவி இருந்ததில்லை. வெயில் எப்போதும் இருந்தது.

ராஜசேகரன் நின்ற இடம் வேறு. நியூட்ரினோ அலைவுகள் பற்றி மூர்த்தி, மோகன் நாராயண், உமா சங்கர் ஆகியோருடன் தொண்ணூறுகளில் எழுதினார். மூன்று வகை நியூட்ரினோக்களும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக எப்படி உருமாறுகின்றன என்று கணித்தார்கள். பிரான்சின் ஷூஸ் கருவியின் பெறுபேறு வந்ததும், மூன்று வகைக் கணக்கில் அது எதைக் கட்டுப்படுத்துகிறது என்று 1998இல் எழுதினார்கள். இந்தியாவுக்குச் சொந்தமான ஒரு நியூட்ரினோ ஆய்வகம் வேண்டும் என்று விடாமல் வாதாடியவர்களில் அவர் முன்னணியில் நின்றார். கோலாரின் பெருமை கதையாக மட்டும் இருக்கக் கூடாது என்பது அவருடைய ஆசை. கோலார் சுரங்கமே 2001இல் மூடப்பட்டது.

இரண்டு மலைகள்

அந்த ஆசைக்கு ஒரு மலை தேவைப்பட்டது. முதலில் பார்த்த நீலகிரிச் சிங்காராவுக்கு யானைகளின் வழித்தடமும் புலிகள் காப்பகமும் காரணமாக 2009இல் அனுமதி கிடைக்கவில்லை. அடுத்து தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம், போடி மேற்கு மலை. எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீற்றர் பாறைக்கு நடுவே, இரண்டு கிலோமீற்றர் சுரங்கப் பாதை வழியே, 50,000 தொன் காந்தமேற்றிய இரும்பு. 2015இல் இந்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாவுக்கு ஒப்புதல் தந்தது. 2017இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றாடல் அனுமதியை நிறுத்தியது. 2018இல் மத்திய அரசு மறுபடி கொடுத்தது. 2022இல் தமிழ்நாட்டு அரசு உச்ச நீதிமன்றத்தில் இத்திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று சொன்னது. மதுரையில் 85 தொன் எடையில் ஒரு மாதிரிக் கருவி மட்டும் இயங்கியது.

ஊர்மக்களைக் குறைசொல்லி இதைக் கடந்துவிட முடியாது. போடிப் பக்கத்து மக்களில் பலர் அதிகாலையில் மலை தாண்டிக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். வெடிவைத்துப் பாறை உடைப்பதை, பக்கத்து மதிகெட்டான் சோலையை, தண்ணீரை நினைத்து அவர்கள் பயந்தார்கள். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவருக்கு அந்தப் பயம் உடனே விளங்கும். மலையைப் பற்றிய முடிவுகள் மலையில் வாழ்பவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்ட வரலாறுதான் நம்முடையது. ஆனால் கதிர்வீச்சுக் கசியும், அணுக்கழிவு கொட்டுவார்கள் என்று பரவிய பேச்சுக்கு ஆதாரம் இல்லை. அந்த இரும்புக் கருவி நியூட்ரினோவை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே வருவதை எண்ணத்தான் அது திட்டமிடப்பட்டது. கேட்கப்பட வேண்டிய கேள்விகளும் கிளப்பப்பட்ட வதந்திகளும் ஒன்றாகக் கலந்தன. விஞ்ஞானிகள் ஊருக்குள் போய்ப் பேசியது காலந்தாழ்த்தித்தான்.

விளைவு என்ன? பொட்டிப்புரம் கண்டுபிடிக்க விரும்பிய முக்கியமான விடை, மூன்று நியூட்ரினோத் திணிவுகளின் வரிசை. அதைத் தேடும் சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025இல் அளவீட்டைத் தொடங்கிவிட்டது.

கணக்குத் தீர்ப்பு

எவர் சொன்னது சரியாக வந்தது? 1998இல் ஜப்பானின் சுப்பர் கமியோகண்டே, 50,000 தொன் நீரின் உதவியோடு நியூட்ரினோக்கள் வகை மாறுகின்றன என்று காட்டியது. வகை மாற வேண்டுமானால் திணிவு இருந்தாக வேண்டும். கனடாவின் சட்பரி ஆய்வகம் 2001, 2002இல் சூரிய நியூட்ரினோக்களின் மொத்த எண்ணிக்கை கணக்குப்படியே இருக்கிறது, வழியில் வகைதான் மாறுகிறது என்று உறுதிசெய்தது. நியூட்ரினோ ஆய்வுகளுக்காக டேவிஸுக்கும் ஜப்பானின் கோஷிபாவுக்கும் 2002இலும், சுப்பர் கமியோகண்டேயின் கஜிட்டாவுக்கும் சட்பரியின் மக்டோனல்டுக்கும் 2015இலும் நோபல் பரிசு கிடைத்தது. 1972ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பு வென்றது: நியூட்ரினோவுக்குத் திணிவு உண்டு. சிதைவு என்ற விளக்கமோ சூரியப் புதிருக்குத் தோற்றது. வெடித்துச் சிதறிய விண்மீனொன்றிலிருந்து 1,60,000 ஆண்டுக்கு மேல் பயணித்து வந்த நியூட்ரினோக்கள் 1987இல் பூமியில் பதிவானபோதே, எட்டு நிமிடத்தில் சிதையும் என்ற எளிய கதைக்கு இடம் குறைந்துவிட்டது. பக்வாசா மட்டும் சிதைவை விடவில்லை. தொலைதூர அண்ட நியூட்ரினோக்களில் அதைத் தேடும் வழிகளைப் பிற்காலத்திலும் எழுதினார்.

கௌசிக்கின் எண்ணமும் பாதிதான் நின்றது. நியூட்ரினோவுக்குத் திணிவு உண்டு, ஆனால் மிகச் சொற்பம். ஜேர்மனியின் காட்ரின் பரிசோதனை 2025இல் அதற்கு 0.45 இலத்திரன் வோல்ற்று என்ற மேல் எல்லை வைத்தது. கரும்பொருளின் பெரும்பகுதியாக இருக்க அது போதாது.

ராஜசேகரனின் கோலார்க் கேள்வி வெல்லவும் இல்லை, தோற்கவும் இல்லை. பார்த்த சுரங்கம் மூடிவிட்டது; பார்க்கவிருந்த சுரங்கம் திறக்கவே இல்லை. ஒப்பீட்டின் கூர்மை இங்கேதான் இருக்கிறது. தென்னகோனின் நியூட்ரினோக் கேள்விக்கு அயலார் விடை தந்தார்கள். பாதி சரி, பாதி பிழை என்று தீர்ந்தது. அவருடைய ஒளிக் கேள்விக்கு அவரே தம் மேசையில் விடை கண்டார். ராஜசேகரனுக்கு விடை தரும் கருவி அயலிலும் இல்லை, ஊரிலும் வரவில்லை.

அப்படியென்றால் நின்றவர் தோற்றார் என்று எழுதிவிடலாமா? முடியாது. ராஜசேகரனிடம் படித்தவர்களும் அவரோடு எழுதியவர்களும் இந்தியப் பல்கலைக்கழகங்களில் பரவியிருக்கிறார்கள். கேள்வியைப் பொறுமையோடு வைத்திருக்கும் ஒருவர் இல்லாவிட்டால், நாளை வேறெங்கோ ஒரு குகையின் காற்றில் தடம் தெரிந்தால் அதைக் கோலாரோடு சேர்த்துப் பார்க்க ஆளிருக்காது. அதேபோல் விட்டுப்போனவர் துரோகி என்றும் சொல்ல முடியாது. ஒரு சிறிய நாட்டில், கைக்கெட்டிய கருவியை வைத்துக்கொண்டு உலகம் மதிக்கும் வேலையைச் செய்தவர் அவர்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ பௌதிகவியல் படிக்கும் பிள்ளை ஒருவர் நியூட்ரினோவிலோ கரும்பொருளிலோ ஆய்வு செய்ய விரும்பினால், தென்னகோனின் வழியைத் தொழிலாகவும் ராஜசேகரனின் வழியைப் பழக்கமாகவும் கொள்வது நல்லது. நம் ஊரில் நாமே சோதிக்கக்கூடிய கேள்வி ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். சோதனைக்கு வராத பழைய கேள்வி ஒன்றையும் குறிப்பேட்டில் அழியாமல் எழுதி வைக்க வேண்டும். ஹந்தானைக் கட்டடத்தின் கதவு பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திறக்க வேண்டும். அடுத்த முறை அருங்காட்சியகத்துக்கு ஏறும்போது கீழே ஒரு தடவை நின்று, உள்ளே போய், இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள்.